கட்டம் விழாத பக்கம்: தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றுக்கும் மாற்று எழுத்துரு அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் டி.டி.பி. கடை வைத்திருப்பவனுக்கு ஒரு தாளில் ஒரு மொழி என்ற வசதி கிடையாது. பெண் வீடு பொள்ளாச்சிப் பக்கம், மாப்பிள்ளை வீடு பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் என்றால் பத்திரிகையில் இடப்புறம் தமிழ், வலப்புறம் மலையாளம், மண்டபத்தின் முகவரி மட்டும் ஆங்கிலம். கோயில் திருவிழா நோட்டீஸும் அப்படித்தான். மனு எழுத வருகிறவர்களுக்கும் இரண்டும் வேண்டும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. ஆனால் அலுவலகத்தின் பெயரையும் படிவத்தின் தலைப்பையும் மலையாளத்தில் போட்டால்தான் மனு சரியான மேசைக்குப் போய்ச் சேரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணப் பத்திரிகையை வேர்டு கோப்பாகவே வெளியூர் அச்சகத்துக்கு அனுப்பினேன். என் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. அச்சாகி வந்தபோது மலையாளப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா பெயரின் கடைசி எழுத்து, அந்த 'ன்', வெறும் கட்டமாக நின்றது. அவர் அட்டையைக் கையில் வாங்கி, தன் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அத்தனையும் திரும்ப அடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து எழுத்துரு மாற்றத்தை இயந்திரத்தின் விருப்பத்துக்கு விடுவதில்லை. நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் இதில் உண்டு. செங்கோட்டைக்கு அப்பால் இருப்பவருக்கும், ஆந்திர எல்லையில் நகரி, குப்பம் பக்கம் தமிழும் தெலுங்கும் சேர்த்து அடிப்பவருக்கும் இதே முறைதான்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

திரையில் எழுத்து கெட்டிருந்தால் உடனே ஃபான்ட் தேடி இறக்காதீர்கள். கெடுவதில் மூன்று வகை உண்டு. மருந்தும் வேறு வேறு.

கட்டம் கட்டமாக வந்தால், அந்த எழுத்துக்கான வடிவம் கையிலிருக்கும் எந்த ஃபான்டிலும் கணினிக்குக் கிடைக்கவில்லை. கோப்பு நன்றாகவே இருக்கிறது. ஃபான்ட் கொடுத்தால் சரியாகிவிடும். இந்தக் கட்டத்தை மேலைநாட்டுக்காரர்கள் டோஃபு என்பார்கள். அது இல்லாமல் செய்வதே நோக்கம் என்பதால்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு, 'நோ டோஃபு' என்பதைச் சுருக்கி, நோட்டோ என்று பெயர் வைத்தது.

ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து பொருளில்லாமல் வந்தால் கதை வேறு. அது பாமினி போன்ற பழைய ஃபான்டில் அடித்த கோப்பு. பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததைக் கணினி ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும்தான் சேமித்து வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ்ப் படம் ஒட்டிய ஏற்பாடு அது. ஃபான்ட் போனால் படம் போய்விடும், ஆங்கிலம் பல்லிளிக்கும். மலையாளத்தில் ஐ.எஸ்.எம். மென்பொருள் காலத்து கார்த்திகாவிலும் (விண்டோஸோடு வரும் யூனிகோடு கார்த்திகா வேறு), தெலுங்கில் அனு ஃபான்ட்களிலும் இதே நிலைதான். இங்கே மாற்று எழுத்துரு வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவி வழியாகத்தான் போக வேண்டும். எந்த ஃபான்டில் அடித்தது என்ற பெயரைத் தெரிந்துகொண்டு, அதற்குரிய மாற்றியைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, எழுத்து இருக்கிறது, ஆனால் உடைந்திருக்கிறது. 'கொ' என்பதில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், நடுவில் புள்ளிபோட்ட வட்டம். மென்பொருள் எழுத்துகளைக் கோர்க்கவில்லை, அல்லது தட்டும்போதே வரிசை பிசகியிருக்கிறது என்று பொருள். ஃபோட்டோஷாப் போன்றவற்றில் எழுத்து அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தீரும். இன்டிசைனில் பத்திப் பலகையில் வேர்ல்டு ரெடி கம்போஸர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதிலி வேறு, துணை வேறு

இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது. கோப்பு 'லதா' என்று ஒரு ஃபான்டின் பெயரைச் சொல்கிறது. உங்கள் கணினியில் லதாவே இல்லை. அதன் பேரில் இன்னொன்று வந்து உட்காரும். அதைப் பதிலி என்று சொல்கிறேன். இன்னொரு நிலை: கோப்பு சொன்ன ஃபான்ட் இருக்கிறது, ஆனால் அதில் குறிப்பிட்ட எழுத்து மட்டும் இல்லை. அந்த எழுத்துக்கு மட்டும் இன்னொரு ஃபான்டிலிருந்து கடன் வாங்கப்படும். இது துணை.

பதிலி வந்தால் பக்கமே வேறு முகம் காட்டும்; வரி நீளும், பக்கம் கூடும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். துணை வந்தால் ஒரு சொல்லின் நடுவில் ஒரே ஓர் எழுத்து மட்டும் மெலிந்தோ தடித்தோ நிற்கும். அவசரத்தில் தப்பிவிடும். என் மலையாளப் பத்திரிகையில் நடந்தது, துணைகூடக் கிடைக்காமல் போனதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். யூனிகோடில் நம் எழுத்துகளுக்கு மொழிக்கு 128 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தசம எண்ணில் சொன்னால் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை, தெலுங்குக்கு 3072 முதல் 3199 வரை, கன்னடத்துக்கு 3200 முதல் 3327 வரை, மலையாளத்துக்கு 3328 முதல் 3455 வரை. அக்கம்பக்கத்து வீடுகள்தான். இவற்றில் மலையாளத்தின் கடைசி ஆறு இடங்களில், 3450 முதல் 3455 வரை, சில்லு எழுத்துகள், அதாவது உயிர் சேராமல் நிற்கும் மெய்யின் தனி வடிவங்கள், இருக்கின்றன. அவை தனி எழுத்தாகச் சேர்ந்தது 2008இல் வந்த யூனிகோடு 5.1இல்தான். அதற்கு முன் மெய்யெழுத்து, நம் புள்ளி போன்ற சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என மூன்றைச் சேர்த்துச் சில்லை உண்டாக்கினார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மலையாள ஃபான்டுக்கு அந்த மூன்று சேர்ந்தது தெரியும், தனிச் சில்லு தெரியாது. புதிய விசைப்பலகையில் நான் அடித்த 'ன்' தனிச் சில்லு. அச்சகத்தின் கணினியில் இருந்தது பழைய ஃபான்ட். கட்டம் விழுந்தது.

சோதனை வரி ஒன்று எழுதி வையுங்கள்

எந்தக் கணினியைத் தொட்டாலும் முதலில் ஒரு சோதனைக் கோப்பைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். தமிழுக்கு நான் வைத்திருக்கும் வரி இது:

கொழிஞ்சாம்பாறை கௌரி க்ஷேமம் ஸ்ரீ ஶ்ரீ ௐ ௧௨௩ ௳ ௴ ௵ ௹

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. 'கொ' கோர்வையைச் சோதிக்கிறது. ஸ்ரீ இரண்டு தடவை இருப்பது பிழையல்ல. முதலாவது 'ஸ்' சேர்த்து அடித்தது. இரண்டாவது 2005இல் யூனிகோடு 4.1 கொண்டுவந்த 'ஶ்' சேர்த்து அடித்தது. சில ஃபான்ட் ஒன்றை மட்டும் கோர்க்கும், மற்றதைப் பிரித்துப் போடும். பத்திரிகையின் முதல் வரியே ஸ்ரீ என்பதால் இதில் கவனம் வேண்டும். ௳ ௴ ௵ என்ற நாள், மாதம், வருடக் குறிகளைப் பெரியவர்கள் பத்திரிகையில் இன்னும் கேட்கிறார்கள். ௹ ரூபாய்க் குறி.

மலையாளத்துக்கு ஆறு சில்லுகளும் வரும்படி ஒரு வரி, 'என்டெ' என்ற சொல், அடுக்கி நிற்கும் கூட்டெழுத்து இரண்டு மூன்று. 'என்டெ' எதற்கு என்றால், அந்தக் கூட்டெழுத்தைத் தட்டுவதிலேயே இரண்டு வழக்கு இருக்கிறது. ஒன்றைப் புரிந்துகொள்ளும் ஃபான்ட் மற்றதைச் சிதைப்பதுண்டு. தெலுங்குக்கு, ஒத்து என்ற துணை எழுத்து வடிவம் அடியில் தொங்கும் சொற்களாக நாலைந்து போதும்.

பழைய நிலப்பத்திரத்தை அப்படியே தட்டித் தரச் சொல்பவர்களுக்காக இன்னொரு வரியும் வைத்திருக்கிறேன்: மா, காணி, முந்திரி ஆகிய பின்னக் குறிகள். இவை 2019இல் யூனிகோடு 12இல் 51 எழுத்துகள் கொண்ட தமிழ்ப் பின்னிணைப்பாகச் சேர்ந்தன. 128 இடத்துக்குள் இல்லை, வேறு தொகுதியில் இருக்கின்றன. அதனால் நல்ல தமிழ் ஃபான்டிலும் இவை இல்லாமல் இருக்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் என்ற தனி ஃபான்டை நிறுவி வைத்தால் துணையாக வந்து நிற்கும்.

விண்டோஸ்

விண்டோஸ் 8 முதல் நம் பக்கத்து எழுத்துகளுக்கெல்லாம் அடிப்படை ஃபான்ட் நிர்மலா யூஐ. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் அனைத்தும் ஒரே ஃபான்டில். மெனுவில் ஓடும் சீகோ யூஐயில் தமிழ் கிடையாது; நீங்கள் அங்கே காணும் தமிழ் எல்லாம் நிர்மலா துணையாக வந்து நிற்பதுதான். மொழிகளுக்குள் தடிமன் ஒத்துப்போகும் என்பது இதன் பெரிய நன்மை.

1. பழைய கோப்புகள் லதா, விஜயா, கார்த்திகா, கௌதமி, வாணி என்றுதான் பெயர் சொல்லும். விண்டோஸ் 10 முதல் இவை தானாக வருவதில்லை. செட்டிங்ஸைத் திறந்து தேடும் பெட்டியில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தட்டுங்கள். சேர்க்கும் பட்டியலில் தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ், மலையாளம், தெலுங்கு என்று தனித்தனியாக இருக்கும். மூன்றையும் சேருங்கள். பதிலியே தேவைப்படாமல் போவதுதான் முதல் வெற்றி.

2. வெளியிலிருந்து இறக்கிய ஃபான்டை இரட்டைக் கிளிக் செய்து நிறுவாதீர்கள். வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, சும்மா நிறுவினால் உங்கள் கணக்குக்கு மட்டும் போகும். சில மென்பொருள்களுக்கு அது கண்ணில் படாது. கடையில் இரண்டு பேர் இரண்டு கணக்கில் வேலை செய்தால் ஒருவர் திரையில் தெரிவது மற்றவர் திரையில் தெரியாது.

3. நிறுவியபின் மென்பொருளை மூடித் திறந்து, சோதனைக் கோப்பைப் பாருங்கள்.

4. இனி ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம். பழைய மென்பொருள் ஒன்று, இல்லாத ஃபான்டின் பெயரையே பிடித்துத் தொங்குகிறது என்றால் மட்டும் இந்தப் படி. ரெஜ்எடிட் திறந்து ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன் என்று இறங்கினால் ஃபான்ட் சப்ஸ்டிட்யூட்ஸ் என்ற உறை இருக்கும். ஹெல்வெடிகா கேட்டால் ஏரியல் கொடு என்பது போன்ற வரிகள் அங்கே ஏற்கெனவே இருப்பதைப் பார்க்கலாம். முதலில் அந்த உறையை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். பிறகு புதிய ஸ்ட்ரிங் வேல்யூ ஒன்று உண்டாக்கி, பெயராக இல்லாத ஃபான்டையும், மதிப்பாக இருக்கிற ஃபான்டையும் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

இந்த வரியைப் பழைய ஜிடிஐ முறையில் எழுத்து வரையும் மென்பொருள்கள்தான் மதிக்கும். டைரக்ட்ரைட் முறையில் இயங்கும் புதிய செயலிகள் தங்கள் சொந்தப் பட்டியலைப் பார்க்கும். அதனால் ரெஜிஸ்ட்ரியில் எழுதியும் உலாவியில் ஒன்றும் மாறவில்லை என்றால் நீங்கள் தவறு செய்யவில்லை. பக்கத்திலேயே ஃபான்ட்லிங்க் என்று இன்னோர் உறை தெரியும். அது பெரும்பாலும் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கானது. அதைத் தொடாதீர்கள்.

சீகோ யூஐயையே எடுத்துவிட்டு மெனு முழுவதையும் வேறு ஃபான்டுக்கு மாற்றும் வித்தை சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்யும் கணினியில் அதைச் செய்யாதீர்கள். மெனுக் குறிகள் கெட்டு, சரிசெய்ய ஒரு நாள் போகும்.

வேர்டு: மாற்றினாலும் மாறாத தமிழ்

கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஃபான்ட் மாற்றுகிறோம், ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் அப்படியே நிற்கிறது. வேர்டு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஃபான்டை அல்ல, நான்கு ஃபான்ட் பெயர்களைச் சேமிக்கிறது. அதில் இரண்டு ஆங்கிலமும் மற்ற லத்தீன் எழுத்தும், ஒன்று கிழக்காசிய எழுத்து, இன்னொன்று காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட். நம் மொழிகள் நான்காவது அறையில் குடியிருக்கின்றன. ஆபீஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு, கன்ட்ரோல் விசையோடு டி அழுத்தினால் வரும் ஃபான்ட் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று தனி வரி தெரியும். அங்கே மாற்றுங்கள். அளவும் தடிமனும்கூட அங்கே தனி. 12 அளவு கொடுத்தும் தமிழ் மட்டும் 11இல் நிற்பதன் ரகசியம் அதுதான்.

பதிலியைப் பார்க்க: கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் பகுதியில் ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன் பொத்தானை அழுத்துங்கள். எந்தெந்த ஃபான்ட் இல்லை, அதற்குப் பதில் எது உட்கார்ந்திருக்கிறது என்று இரண்டு வரிசையாகக் காட்டும். எல்லாம் இருந்தால் மாற்றம் தேவையில்லை என்று சொல்லிவிடும். யார் கோப்பு கொண்டுவந்தாலும் அச்சுக்குப் போகும் முன் இந்தப் பெட்டியை நான் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன்.

அதே பெட்டியில் கன்வர்ட் பெர்மனென்ட்லி என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் பழைய பெயர் அழிந்து பதிலியின் பெயரே நிலைத்துவிடும். யூனிகோடு கோப்பில் பரவாயில்லை. பாமினி கோப்பில் அழுத்திவிட்டால், எந்தச் சொல் தமிழ், எந்தச் சொல் நிஜமான ஆங்கிலம் என்ற தடயமே அழிந்துவிடும். பிறகு எந்த மாற்றியாலும் பிரித்தெடுக்க முடியாது. கோப்பின் நகல் ஒன்றைத் தனியே வைக்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

லிப்ரே ஆபீஸ்: நம் கைக்கு அடங்கும் அட்டவணை

மாற்று எழுத்துரு விஷயத்தில் நான் மனம் நிறைந்து பரிந்துரைப்பது லிப்ரே ஆபீஸைத்தான். எது போனால் எது வரவேண்டும் என்பதை நம்மிடமே கேட்கிறது. மூன்று இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறது.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ் (மேக்கில் பிரிஃபரன்சஸ்) திறந்து முதலில் மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் பெட்டியை டிக் செய்து, இயல்பு மொழியாகத் தமிழை வையுங்கள். இனி எழுத்து அமைப்புப் பெட்டியில் மேற்கத்திய எழுத்துக்கு ஓர் இடமும் நம் எழுத்துக்கு ஓர் இடமும் தனியாகத் தெரியும். ரைட்டர் பகுதியில் சி.டி.எல். (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டின் சுருக்கம்) அடிப்படை ஃபான்ட்கள் என்ற பக்கத்தில் நீங்கள் விரும்பும் தமிழ் ஃபான்டைக் கொடுங்கள்.

பிறகு லிப்ரே ஆபீஸ் என்ற தலைப்பின் கீழ் ஃபான்ட்ஸ். 'ரீப்ளேஸ்மென்ட் டேபிளைப் பயன்படுத்து' என்பதை டிக் செய்யுங்கள். இடப்பக்கப் பெட்டியில் இல்லாத ஃபான்டின் பெயரைக் கையால் தட்டலாம். வலப்பக்கத்தில் இருக்கிறதைத் தேர்ந்தெடுத்து, டிக் குறியை அழுத்தினால் அட்டவணையில் ஏறும். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு சிறு பெட்டிகள். 'ஆல்வேஸ்' என்பதை டிக் செய்தால் அசல் ஃபான்ட் இருந்தாலும் பதிலியே வரும். டிக் செய்யாவிட்டால் அசல் இல்லாதபோது மட்டும். 'ஸ்கிரீன் ஒன்லி' திரைக்கு மட்டும், அச்சுக்குப் போகாது. இரண்டையும் காலியாக விடுவதே சரி. ஸ்கிரீன் ஒன்லியைத் தெரியாமல் டிக் செய்துவிட்டால் திரை ஒன்று சொல்லும், தாள் வேறு சொல்லும்.

என் அட்டவணையில் லதாவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், கார்த்திகாவுக்கு நோட்டோ சான்ஸ் மலையாளம், கௌதமிக்கு நோட்டோ சான்ஸ் தெலுங்கு. ஒரு கோப்பில் இல்லாத ஃபான்ட் இருந்தால், மேலே உள்ள பெயர்ப் பெட்டியில் அதன் பெயர் சாய்வெழுத்தில் தெரியும். அந்தச் சாய்வைக் கவனிக்கக் கண்ணைப் பழக்குங்கள்.

லினக்ஸ்

லினக்ஸில் எல்லாவற்றுக்கும் மேல் ஃபான்ட்கான்ஃபிக் என்ற ஒரே நடுவர். லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், மேசைச் சூழல் எல்லாம் அதனிடம்தான் கேட்கின்றன. ஒரு தடவை சரியாக அமைத்தால் எங்கும் சரியாகும்.

நீங்கள் நிறுவியிருக்கும் லினக்ஸ் வகையின் மென்பொருள் கடையிலிருந்து நோட்டோ தொகுப்பையும், ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் ஃபான்ட்களையும் நிறுவுங்கள். பின்னர் முனையத்தைத் திறந்து, எஃப், சி, இடைக்கோடு, மேட்ச் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முக்காற்புள்ளி, லேங் என்ற சொல், சமக்குறி, தமிழின் குறியீடான டி.ஏ. என்று இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். தமிழுக்கு எந்த ஃபான்ட் முன்னால் வருகிறது என்ற பதில் வரும். மலையாளத்துக்கு எம்.எல்., தெலுங்குக்கு டி.இ. மேட்ச் என்பதற்குப் பதில் லிஸ்ட் என்று போட்டால் அந்த மொழிக்குப் போதுமானவை என்று அது கருதும் ஃபான்ட்கள் எல்லாம் வரும். அந்த மொழிக்குத் தேவை என்று குறித்துவைத்த எழுத்துகளில் குறை இருந்தால் பட்டியலில் பெயர் வராது. நீங்கள் நிறுவிய ஃபான்ட் அங்கே காணோம் என்றால் அதில் எழுத்துக் குறை இருக்கிறது என்று சந்தேகியுங்கள்.

வரிசையை மாற்ற, உங்கள் வீட்டு அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள் ஃபான்ட்கான்ஃபிக் என்ற அடைவில், ஃபான்ட்ஸ் டாட் கான்ஃப் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் ஏலியஸ் என்ற பொதி ஒன்று. பொதிக்குள் முதலில் ஃபேமிலி என்று பொதுப் பெயர், சான்ஸ் செரிஃப். அடுத்து ப்ரிஃபர் என்ற பொதிக்குள் உங்கள் வரிசை. இந்த வரிசையில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தமிழ் மேல் உள்ள பாசத்தில் தமிழ் ஃபான்டை முதலில் போட்டுவிடுவார்கள். பல தமிழ் ஃபான்ட்களில் ஆங்கில எழுத்தும் இருக்கிறது. உடனே திரையில் உள்ள ஆங்கிலமும் எண்களும் தமிழ் ஃபான்டுக்கு மாறிவிடும், அழகு கெட்டுவிடும். ஆங்கில ஃபான்டை முதலில் போடுங்கள். அதில் தமிழ் இல்லாததால் தமிழுக்கு அடுத்ததற்குத் தானே இறங்கும். நோட்டோ சான்ஸ், பிறகு நோட்டோ சான்ஸ் தமிழ், பிறகு மலையாளத்துக்கு மஞ்சரி, பிறகு நோட்டோ சான்ஸ் தெலுங்கு என்பது என் வரிசை.

இது துணைக்கு. பதிலிக்கு இன்னோர் ஏலியஸ் பொதி வேண்டும். ஃபேமிலியில் லதா என்று எழுதி, ப்ரிஃபருக்குப் பதில் அக்செப்ட் போடுங்கள். ப்ரிஃபர் என்றால் லதா இருந்தாலும் பதிலி முந்திக்கொள்ளும். அக்செப்ட் என்றால் லதா இருக்கும்வரை லதாதான். ஏலியஸுக்குப் பக்கத்தில் பைண்டிங் என்ற பண்பில் சேம் என்று குறித்தால், அசல் பெயருக்கு இருந்த மரியாதை பதிலிக்கும் கிடைக்கும். குறிக்காவிட்டால் இடையில் வேறொன்று புகுந்துவிட வாய்ப்பு உண்டு. சேமித்துவிட்டு எஃப்சி-கேஷ் கட்டளையைக் கொடுத்து, செயலிகளை மூடித் திறந்து சோதனை வரியைப் பாருங்கள்.

மேக்

மேக்கில் கணினி முழுவதற்கும் வரிசை மாற்ற நமக்கு எளிய வழி தரப்படவில்லை. ஆனால் கொடுத்திருப்பதே நல்லதாக இருக்கிறது. தமிழ் சங்கம் எம்.என்., மலையாளம் சங்கம் எம்.என்., தெலுங்கு சங்கம் எம்.என். உள்ளேயே வருகின்றன. எம்.என். என்பது அவற்றை வடித்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் பெயரெழுத்துகள். ஃபான்ட் புக் திறந்து, புதிதாகச் சேர்த்த ஃபான்டை வேலிடேட் செய்யுங்கள். ஒரே ஃபான்டின் இரண்டு பதிப்புகள் இருந்தால் பழையதை அகற்றுங்கள். எல்லாம் குழம்பிவிட்டால் ரீஸ்டோர் ஸ்டாண்டர்டு ஃபான்ட்ஸ் இருக்கிறது. மேக்கின் பேஜஸ் செயலியில் ஃபார்மட், ஃபான்ட், ரீப்ளேஸ் ஃபான்ட்ஸ் வழியாகப் பதிலியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

உலாவி

ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ், ஃபான்ட்ஸ், அட்வான்ஸ்டு. மேலே உள்ள பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்து அதற்கென ஃபான்ட் கொடுங்கள். பிறகு மலையாளம், தெலுங்கு. மொழிக்கு மொழி தனித்தனி. குரோமில் கஸ்டமைஸ் ஃபான்ட்ஸ் இருக்கிறது, ஆனால் மொழிவாரியாகப் பிரிக்க இடமில்லை.

எதற்கு எதை வைப்பது

பதிலியைத் தேர்ந்தெடுப்பதில் கண் வேண்டும். எழுத்து இருக்கிறதா என்பதோடு வேலை முடிவதில்லை.

மலையாளத்தில் 1971இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதன்பின் பழைய லிபி, புதிய லிபி என்று இரண்டு வழக்கு. ஃபான்ட்களும் அப்படிப் பிரிந்திருக்கின்றன. ரச்சனா, மீரா போன்றவை பழைய லிபி. கூட்டெழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும், அழகு சொட்டும். கார்த்திகாவில் அடித்த கோப்பில் ரச்சனாவைப் பதிலியாக வைத்தால் ஒரு பிழையும் வராது, ஆனால் எழுத்தின் உருவமே மாறும், வரி உடையும் இடமும் மாறும். கல்யாணப் பத்திரிகைக்கு நான் ரச்சனாவை விரும்பி வைப்பேன். ஆபீஸ் படிவத்தில் அசல் எந்த லிபியோ அதே லிபியில்தான் பதிலியும் இருக்க வேண்டும் என்பது என் கண்டிப்பு.

அகலம் அடுத்தது. லதாவும் நிர்மலாவும் ஒரே அளவு எண்ணில் ஒரே இடம் பிடிப்பவை அல்ல. கட்டம் போட்ட படிவத்தில் பதிலி வைத்தால் ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணால் பாருங்கள். உயரமும் அப்படியே. வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று இறுக்கி வைத்திருந்தால், தெலுங்கின் ஒத்தும் மலையாளத்தின் அடுக்கும் அடியில் வெட்டுப்படும். நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிட் நோட்டீஸில் ஒத்துகள் பாதி வெட்டுப்பட்டு, சொல்லே வேறாகப் படிக்கும்படி ஆகியிருந்தது. 'அட் லீஸ்ட்' என்று மாற்றினால் போதும்.

தடிமனையும் பாருங்கள். தமிழ் ஒரு ஃபான்டிலும் மலையாளம் இன்னொன்றிலும் இருக்கும்போது ஒரு பக்கம் கறுத்தும் ஒரு பக்கம் வெளுத்தும் தெரிந்தால், வெளுத்த பக்கத்து வீட்டாருக்கு மனக்குறை வரும். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு மொழியும் ஒரே குடும்பத்து ஃபான்டில் இருந்தால், அதாவது இரண்டும் நோட்டோ அல்லது இரண்டும் நிர்மலா என்றால், இந்தச் சிக்கல் வராது.

கோப்பு கையை விட்டுப் போகும் முன்

உங்கள் கணினியில் எவ்வளவு பார்த்துப் பார்த்து அமைத்தாலும், கோப்பு அடுத்த கணினியில் திறக்கும்போது அந்தக் கணினியின் பதிலிதான் ஆளும். ஆகவே ஃபான்டைக் கூடவே அனுப்புங்கள். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் எம்பெட் ஃபான்ட்ஸ். லிப்ரே ஆபீஸில் ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட் என்ற தாவலில் அதே பெட்டி. சில ஃபான்ட்களின் உரிமம் உள்ளே பதிக்க விடாது. நோட்டோ, மஞ்சரி, ரச்சனா போன்றவை திறந்த உரிமத்தில் வருவதால் அந்தத் தடை இல்லை.

அச்சுக்கு என்றால் பிடிஎஃப் தவிர வேறு எதையும் அனுப்பாதீர்கள். அதிலும் அனுப்பும் முன் அக்ரோபாட் ரீடரில் திறந்து ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட்ஸ் தாவலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எம்பெடெட் அல்லது எம்பெடெட் சப்செட் என்று இருக்க வேண்டும். ஒன்றில் அது இல்லாவிட்டாலும் அனுப்பாதீர்கள். நீங்கள் பயன்படுத்தாத பெயர் ஒன்று பட்டியலில் இருந்தால், எங்கேயோ ஓர் எழுத்துக்குத் துணை வந்து நின்றிருக்கிறது; தேடிப் பிடித்து, அந்தச் சொல்லுக்குச் சரியான ஃபான்டைக் கொடுத்து, மீண்டும் பிடிஎஃப் ஆக்குங்கள்.

பிறகு ஒரு பிரதி அச்செடுத்து, மலையாளப் பக்கத்தை மலையாளம் படிக்கத் தெரிந்தவரிடமும் தமிழ்ப் பக்கத்தைத் தமிழ் படிக்கத் தெரிந்தவரிடமும் கொடுத்து, பெயர்களை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். 'ன்', 'ர்', 'ல்' என்று முடியும் பெயர்களில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டார் ஒருவரைக் கையெழுத்துப் போடவைத்த பிறகே என் கடையிலிருந்து கோப்பு வெளியே போகிறது.